புதிய கருவிகளை முதல் நாளே வாங்குகிறவர்கள் பகட்டுக்காரர்களா, ஏமாளிகளா?

கேள்வியைக் கேட்டவர் எனக்கு இரண்டே வழிகளைத் திறந்து வைத்திருக்கிறார். ஒரு மின்னணுக் கருவி விற்பனைக்கு வந்த அன்றே ஓடிப்போய் வாங்குகிறவன் ஒன்று பகட்டுக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விளம்பரத்துக்கு மயங்கிய ஏமாளியாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 18 ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருகிறவன் என்ற முறையில் முதல் பட்டத்தை நான் ஏற்க மாட்டேன். இரண்டாவதை முழுவதுமாகத் தள்ளவும் முடியவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று ஊகிக்கிறேன். தம்பியாக இருக்கலாம், கணவராக இருக்கலாம். மேசை இழுப்பறையில் சிக்குண்டு கிடக்கும் கேபிள்களில் எது எந்தக் கருவிக்கு உரியது என்று அவருக்கே மறந்துபோயிருக்கலாம். அவரிடம் காட்டிச் சண்டை போடத்தான் இந்தப் பதில் தேவைப்படுகிறது என்றால், பாதி ஆயுதம் இங்கே கிடைக்கும்.

வரப்போகும் ஏச்சுகளுக்கு முன்கூட்டியே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கியோ தவணை போட்டோ நான் எந்தக் கருவியையும் வாங்கியதில்லை. புதியது வந்ததும் பழையதை எறிந்துவிடுகிறவனும் அல்லன். என் பழைய கைப்பேசிகளில் மூன்று, உறவினர்களிடம் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மின்னணுக் குப்பை பெருக நானும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னிடம் சரியான விடை இல்லை. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

இந்த ஆசையை வெளியே நின்று பார்க்கிறவர்கள், பெட்டியைப் பிரிக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பார்க்கிறார்கள். இறுகப் பொருந்திய மேல்மூடி காற்றை இழுத்துக்கொண்டு மெல்ல மேலெழுவதும், திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை ஓரத்தில் நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரிப்பதும் இன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மறுநாளே தீர்ந்துவிடும். தீராதது வேறொன்று. புதிய வகைக் கருவி ஒன்று வெளிவந்த முதல் ஆண்டில், அது எதற்குப் பயன்படப்போகிறது என்பது அதைச் செய்தவர்களுக்கே முழுமையாகத் தெரிந்திருக்காது. 2007 ஜூனில் விற்பனைக்கு வந்த முதல் ஐபோனில் வெளியார் எழுதிய செயலிகளை நிறுவிக்கொள்ளும் கடை இல்லை. ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில்தான் திறந்தது. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும் வசதிகூட 2009 வரை அதில் இல்லை. இத்தனை குறைகளோடு அதை வைத்துக்கொண்டிருந்தவர்கள்தான், பேசுவதற்கு அப்பால் கைப்பேசி என்னவாகப் போகிறது என்பதை முதலில் விரலால் தொட்டு உணர்ந்தவர்கள். மூன்றாம் ஆண்டில் வாங்கியவருக்கு நல்ல கருவி கிடைத்தது. கெட்டிக்காரர் அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் தீர்ப்பு வந்த பிறகு வழக்கைத் தெரிந்துகொண்டவர். எனக்கு வாதம் நடக்கும்போதே உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எவரெட் ரோஜர்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1962இல், புதுமைகளை ஏற்கும் வேகத்தை வைத்து மக்களை ஐந்து வகைகளாகப் பிரித்தார். முதலில் துணிகிறவர்கள் 2.5 விழுக்காடு, அவர்களை அடுத்து வருகிறவர்கள் 13.5 விழுக்காடு என்பது அவர் போட்ட கணக்கு. இந்த எண்களை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். முதல் வகையினரிடம் இழப்பைத் தாங்கும் வசதி இருக்க வேண்டும் என்றும், இரண்டாம் வகையினரிடம்தான் மற்றவர்கள் யோசனை கேட்கிறார்கள் என்றும் அவர் சேர்த்தே சொல்லியிருக்கிறார். என் மைத்துனன் குடும்ப நிகழ்ச்சி எதுவானாலும் என் கைக்கடிகாரத்தைக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் விட மாட்டான். அதே பிள்ளைதான் இரவு பத்தரை மணிக்கு அழைத்து, “மாமா, இந்த மாடல் எடுக்கலாமா, இல்ல அடுத்தது வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?” என்று கேட்கிறான். எனக்கு நேர்ந்த இழப்புகளின் பலனைச் சல்லிக்காசு செலவில்லாமல் அனுபவிக்கிறவன் அவன்தான்.

தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடுதிரைக் கைப்பேசிகள் வரத் தொடங்கிய காலத்தில் அவற்றில் பலவற்றில் நம் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. தெரிந்த சிலவற்றிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. அவற்றை வாங்கி, படம்பிடித்து, குறையை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தவர்களும் நீங்கள் ஏமாளி என்று சொல்கிற இந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

இனி இழப்புக் கணக்கு. முதல் ஐபோனுக்கு 599 டாலர் கொடுத்தவர்கள், இரண்டு மாதங்கள் கடந்த சில நாட்களிலேயே அது 399 டாலருக்கு இறங்கியதைக் கண்டார்கள்; எழுந்த கூச்சலுக்குப் பிறகு அவர்களுக்கு 100 டாலர் சலுகை கிடைத்தது. எச்டி டிவிடி என்ற உயர்தெளிவுப் பட வட்டுகளுக்கான இயக்கியை 2006இல் ஆசையாக வாங்கியவர்கள், 2008 பிப்ரவரியில் தோஷிபா அந்த வடிவத்தையே கைவிட்டபோது, புதிய படங்கள் வராத ஒரு பெட்டியோடு நின்றார்கள். 2024 ஏப்ரலில் வெளிவந்த ஹியூமேன் ஏஐ பின் என்ற, சட்டையில் அணியும் செயற்கை நுண்ணறிவுக் கருவி, 2025 பிப்ரவரி 28 அன்று அதன் சர்வர்கள் (இணையத்தின் மறுமுனையில் அதை இயக்கிய நிறுவனக் கணினிகள்) நிறுத்தப்பட்டதும் வெறும் அலங்காரப் பொருளாயிற்று. இதே வகையில்தான் நானும் அடிபட்டேன்.

வீட்டு விளக்குகளைக் கைப்பேசியிலிருந்து இயக்க உதவும் சிறு பெட்டிகள் நான்கு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தயாரிப்புத் தொடங்கும் முன்பே பணம் கட்டி முன்பதிவு செய்தேன். சொன்ன தேதிக்கு ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தன. சுவர் சுவிட்சுக்குப் பின்னால் எலெக்ட்ரீசியனை வைத்துப் பொருத்தி, இரண்டு ஆண்டுகள் பெருமையோடு பயன்படுத்தினேன். பிறகு ஒரு நாள், “எங்கள் பயணத்தில் உடன் வந்ததற்கு நன்றி” என்று தொடங்கும் மின்னஞ்சல் வந்தது. இத்தகைய வாக்கியத்தோடு வரும் கடிதத்தை நான் இப்போதெல்லாம் கடைசிப் பத்தியிலிருந்துதான் வாசிக்கிறேன். சர்வர் நிற்கும் தேதி அங்கேதான் இருக்கும். குறித்த நாளில் நான்கு பெட்டிகளிலும் வெள்ளையாக எரிந்த சின்னஞ்சிறு விளக்கு மஞ்சளாக மாறி, நின்று நின்று கண் சிமிட்டத் தொடங்கியது. கூடத்தில் இருட்டில் நின்று செயலியை நீக்கித் திரும்ப நிறுவிக்கொண்டிருந்த என்னிடம் மனைவி, “ஏங்க, சுவிட்ச் சுவத்துலதானே இருக்கு, அதப் போடுங்களேன்” என்றார். அதில் கிண்டல் ஏதும் இல்லாததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

என் அறையில் இருக்கும் விளக்கை எரிய வைக்க, என் விரலின் கட்டளை முகமறியாத ஓர் ஊரிலுள்ள கணினிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு முன்பே தெரியும். பணம் கட்டியபோது அதை நினைத்துப் பார்க்கவில்லை. கருவி பழுதாகவில்லை, தேயவில்லை; அதை அறிந்த கணினியைத்தான் அணைத்துவிட்டார்கள். இந்த இடத்தில் நான் ஏமாளி என்று நீங்கள் சொன்னால் தலை கவிழ்ந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு உயிர்நாடியைத் தன்னிடமே வைத்துக்கொண்ட விற்பனையாளரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். காதில் மாட்டும் ஒயர்லெஸ் இயர்பட்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. லித்தியம் அயான் மின்கலம் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே கொள்ளளவை இழக்கத் தொடங்கும் என்று தெரிந்தே, அதை மாற்ற முடியாதபடி பசை வைத்து மூடி விற்கிறார்கள்.

நான்கு பெட்டிகளையும் கழற்றச் சொல்லி, ஒன்றை மேசைமேல் வைத்துத் திறந்தேன். உள்ளே இருந்தது இஎஸ்பி 8266 என்னும் மலிவான வைஃபை சில்லு. அதே சில்லுக்கு, சர்வர் எதையும் நம்பியிராமல் வீட்டுக்குள்ளேயே இயங்கும் டாஸ்மோட்டா என்ற திறந்த மூல (யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய) மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கிறார்கள். பெட்டியை மின்னிணைப்பில் இருந்து முற்றிலும் விலக்கிவிட்டு (இதில் விளையாடாதீர்கள்), கணினியோடு சில்லை இணைக்கும், 3.3 வோல்ட் தரும் யுஎஸ்பி-சீரியல் அடாப்டரிலிருந்து நான்கு ஒயர்களைப் பற்றவைத்து, ஜிபிஐஓ பூஜ்யம் என்ற முனையைத் தரையிணைப்போடு தொட வைத்தபடியே மின்சாரம் கொடுத்தால்தான் அந்தச் சில்லு புதிய மென்பொருளை ஏற்கும். முதல் பெட்டியை 5 வோல்ட் கொடுத்து எரித்தேன். மற்ற மூன்றும் பிழைத்தன. மூன்றிலும் விளக்கு இப்போது வெள்ளையாக எரிகிறது. மனைவி மட்டும் இன்றும் சுவர் சுவிட்சையே தட்டுகிறார்.

ஆகவே, உங்கள் வீட்டு ஆசாமி அடுத்த முறை எதையாவது காட்டிக் கண் மின்ன நிற்கும்போது, விலையைக் கேட்டுச் சண்டை தொடங்காதீர்கள். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். இணையத்தைத் துண்டித்தால் இது வேலை செய்யுமா, மின்கலம் செத்தால் யார் மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். நான் அண்மையில் விரலில் அணியும் உடல்நலக் கண்காணிப்பு மோதிரம் ஒன்றுக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். சர்வர் இல்லாவிட்டாலும் அது இதயத்துடிப்பைக் காட்டுமா என்று கேட்டு அந்நிறுவனத்துக்கு எழுதி மூன்று வாரங்கள் ஆகின்றன. பதில் வரவில்லை, முன்பதிவை ரத்து செய்யவும் மனம் வரவில்லை.