பயிற்சியில் நன்றாகத் தாண்டும் மகள் போட்டியில் தடுமாறுகிறாள்: ஊக்கப்படுத்துவது எப்படி?

உங்கள் 14 வயது மகள் பயிற்சியில் நன்றாக நீளம் தாண்டுகிறாள் என்றும், போட்டி நாளன்று காலையிலிருந்தே வயிறு வலிக்கிறது என்கிறாள் என்றும், முதல் இரண்டு வாய்ப்புகளும் ஃபவுல் ஆகிவிடுகின்றன (தாண்டும் பலகையைக் கடந்து கால் விழுவதால் கணக்கில் சேராமல் போகின்றன) என்றும், இப்போது போட்டிக்கே வரமாட்டேன் என்று சொல்பவளை எப்படி ஊக்கப்படுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவளுக்கு ஊக்கம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. விளையாட்டில் அக்கறை இல்லாத பிள்ளைக்குப் போட்டியன்று வயிறு வலிக்காது.

அந்த வலி நடிப்பும் அல்ல. பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கும்போது குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வயிற்றைப் பிசைவதும், கை சில்லிட்டுப்போவதும், அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுவதும் உடல் தயாராவதன் அறிகுறிகளே. விளையாட்டு உளவியலாளர்கள் இந்த உடற்பதற்றத்தையும், ‘தோற்றுவிட்டால் என்ன ஆகும்’ என்ற மனக்கவலையையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். முதலாவது, போட்டி தொடங்கிய சிறிது நேரத்தில் பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். இரண்டாவது அப்படித் தணிவதில்லை. ஒவ்வொரு வாய்ப்பு வீணாகும்போதும் ஏறிக்கொண்டே போகும். நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ஃபவுல் ஏன் ஆகிறது என்பதையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பரபரப்பில் ஓடும்போது ஒவ்வொரு ஸ்டெப்பும் வழக்கத்தைவிடச் சற்று நீள்வது இயல்பு. ஒரு ஸ்டெப்புக்கு 2 சென்டிமீட்டர் கூடினால்கூட, 15 ஸ்டெப் ஓடி முடிப்பதற்குள் 30 சென்டிமீட்டர் கூடிவிடும். தாண்டும் பலகையின் அகலமோ வெறும் 20 சென்டிமீட்டர்தான். முதல் மூன்று வாய்ப்புகளின் முடிவில் முதல் 8 இடங்களில் இருப்பவர்களுக்கே அடுத்த மூன்று வாய்ப்புகள் என்பது வழக்கமான விதி என்பதால், இரண்டு ஃபவுல் ஆன பிள்ளை மூன்றாவது முறை பயந்து, பலகைக்கு வெகு முன்னதாகவே கால் ஊன்றித் தாண்டிவிடுகிறது. பார்ப்பவர்கள் அதை ‘தைரியம் இல்லை’ என்கிறார்கள். அங்கே தேவைப்படுவது தைரியம் அல்ல, ஓர் அளவுநாடா. வார்ம்அப்பில் முழு வேகத்தில் ஓடவிட்டுக் கால் எங்கே விழுகிறது என்று பார்த்து, தொடக்கக் குறியை அதற்கேற்பப் பின்னுக்கு நகர்த்திவிடலாம். முதல் வாய்ப்பின் இலக்கு தூரமாக இல்லாமல், பலகையில் சரியாகக் கால் விழுவது மட்டும் என்று அவளுடைய பயிற்றுநரிடம் பேசி முடிவு செய்யுங்கள். தன் கையில் இருக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். பதக்கம் என்பது மற்றவர்கள் எவ்வளவு தாண்டுகிறார்கள் என்பதையும் பொறுத்தது, அது அவள் கையில் இல்லை.

‘பயப்படாதே’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அடக்க முடியாத ஒன்றை அடக்கச் சொன்னால், அதை அடக்க முடியவில்லையே என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்வது பயன் தரும்.

இனி, சற்றுச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். அமெரிக்காவில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்கள் சிலருக்கு, வெற்றியைவிட முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்தவுடன் தட்டிக்கொடுத்துத் திருத்திச் சொல்வது போன்றவற்றைக் கற்பித்தார்கள். 1992இல் வெளியான அந்த ஆய்வில், அடுத்த பருவத்துக்கு விளையாட வராத பிள்ளைகள் அந்தப் பயிற்றுநர்களிடம் 5 விழுக்காடு, மற்றவர்களிடம் 26 விழுக்காடு. இத்தனைக்கும் வெற்றி தோல்வியில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிள்ளைகளை விளையாட்டில் தக்கவைப்பது வெற்றி மட்டும் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஊக்கமூட்டும் காணொளிகளை அனுப்பிக்கொண்டிருக்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வரும். போட்டி முடிந்து திரும்பும் வழியில், ஏன் ஃபவுல் ஆயிற்று, பக்கத்துப் பெண் எவ்வளவு தாண்டினாள் என்று நீங்கள் கேட்பதுண்டா? உண்டென்றால், அடுத்த முறை அவளாகப் பேசும்வரை அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்து பாருங்கள்.

போட்டிக்கு வரமாட்டேன் என்பவளைக் கட்டாயப்படுத்துவது தவறு. அதேவேளை, எல்லாப் போட்டிகளையும் விட்டுவிடச் சம்மதிப்பதும் நல்லதல்ல. தவிர்த்தவுடன் கிடைக்கும் நிம்மதியே அச்சத்துக்குத் தீனியாகி, அடுத்த முறை அதை வளர்த்துவிடும். பெரிய போட்டிகளைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்துவிட்டு, யாரும் பொருட்படுத்தாத சிறு போட்டி ஒன்றில் மூன்று தாண்டல்கள் மட்டும் தாண்டிவிட்டு வரட்டும். எந்தப் போட்டி, நீங்கள் மைதானத்துக்கு வரலாமா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வரவேண்டாம் என்றால் மனம் வருந்தாதீர்கள், அந்த வயதில் அது சகஜம்.

வயிற்றுவலி போட்டி நாளோடு நிற்காமல் சாதாரண நாட்களிலும் தொடர்ந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் குறைந்தாலோ, பள்ளிக்குப் போகவும் மறுத்தாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்னால் குழந்தைகளைப் பார்க்கும் உளவியலாளர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.