அந்த ‘ஆகையால்’

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தன். வயது 64. விவேகானந்தர், காந்தியடிகள், ரமணர், எங்கள் யோகர் சுவாமிகள் ஆகியோரைத் தெய்வமாக மதிப்பவன். பாரதத்தின் ஆன்மிகப் பெருமையில் ஊறியவன். ஓய்வு பெற்ற பின் மூன்று முறை காசி, சிதம்பரம், திருவண்ணாமலை யாத்திரை போய் வந்திருக்கிறேன். மனைவிக்கு முழங்கால் வலி. வீட்டில் 88 வயதான என் அம்மாவும் ஐந்து வருடமாகப் படுக்கையில். ஆகையால் மனைவி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் அவருக்குக் கங்கைத் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். என் கவலை மகளைப் பற்றியது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சுவாமியறைக்குள் வருவதில்லை. தேவாரம் பாடச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள். இந்த முறை நல்லூர்த் தேருக்கும் வர மறுத்தாள். “அம்மா போகட்டும், நான் அப்பம்மாவோடு நிற்கிறேன்” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். இவள் மனத்தில் நம் சமயத்தையும் பாரம்பரியத்தையும் எப்படி விதைப்பது? ஒருமுறை இந்தியாவுக்கு அழைத்துச் சென்றால் திருந்துவாளா? எல்லாம் அவன் செயல். ஒரு பொல்லாப்பும் இல்லை.

கொக்குவில் வாசகர் ஒருவர்

பதில்: எனக்கு உங்களைவிட எட்டு வயது கூட. ஆகவே தம்பி என்றே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

பிள்ளைக்குப் பக்தி இல்லை என்று இந்தப் பகுதிக்குக் கடிதம் வராத மாதம் கிடையாது. பெரும்பாலும் அப்பாமார்தான் எழுதுவார்கள். காலம் கெட்டுவிட்டது, கைத்தொலைபேசி கெடுத்துவிட்டது, பொறுத்திருங்கள், நாற்பது வயதில் தானாகத் திரும்பி வருவாள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. உங்கள் மகளைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் எழவில்லை.

உங்கள் கடிதம் நாலு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். மூலத்தில் கங்கை ஆரத்திக்கு ஒரு முழுப் பக்கம். கிரிவலத்தின் 14 கிலோமீற்றரையும் வெறுங்காலோடு நடந்ததற்கு அரைப் பக்கம். மனைவிக்கும் தாயாருக்கும் சேர்த்து ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரிக்குள் ஓர் ‘ஆகையால்’.

நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவள். ஒருவர் ‘ஆகையால்’ என்று எழுதினால், முன்னே சொன்ன காரணம் பின்னே வரும் காரியத்தைத் தாங்குகிறதா என்று தட்டிப் பார்ப்பது பழகிப்போன குணம். உங்களுடையது தாங்கவில்லை, தம்பி. தொட்டவுடனேயே விழுகிறது.

மனைவிக்கு முழங்கால் வலி. சரி. காசியின் படித்துறைகளில் ஏறி இறங்க அந்த முழங்கால் உதவாது. ஆனால் உங்கள் தாயாரைக் கட்டிலில் புரட்ட, தூக்கி இருத்த, துடைக்க, உடுப்பு மாற்ற, மறுபடியும் கிடத்த உதவுகிறது. என் மாமியாரை ஆறு வருடம் கட்டிலில் வைத்துப் பார்த்தவள் நான். எனக்கு இந்தக் கணக்குத் தெரியும். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது பக்கம் மாற்ற வேண்டும். தவறினால் முதலில் நாரியின் கீழே சிவக்கும், பிறகு குதிக்கால், பிறகு தோல் விட்டுப்போகும். தாயாருக்குப் படுக்கைப் புண் என்று நாலு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. உங்கள் காலில் கிரிவலப் பாதை கிழித்த கொப்புளத்தையே எழுதியிருக்கிறீர்கள். தாயாருக்குப் புண் இருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஐந்து வருடமாக நள்ளிரவிலும் விடியற்புறத்திலும் எழும்பிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வாரணாசியில் உறங்கிய இரவுகளிலும் எழும்பியிருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள். முழங்கால் வலி முதலில் வந்ததா, தூக்கிப் புரட்டும் வேலை முதலில் வந்ததா?

உங்கள் சுவாமியறைச் சுவரில் காந்தியின் படம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1927 நவம்பரில் அவர் யாழ்ப்பாணம் வந்து கதருக்குப் பணம் சேர்த்த கதையை உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய சுயசரிதையையும் படித்திருப்பீர்கள். அதில் 1898இல் டர்பன் வீட்டில் நடந்த ஒன்று வருகிறது. அறைகளில் வைக்கும் மலசலப் பாத்திரங்களை அவரும் கஸ்தூரிபாயுமே எடுத்துக் கழுவுவார்கள். அங்கே தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் பாத்திரத்தை ஒருநாள் கஸ்தூரிபாய் அழுதுகொண்டே தூக்கிப் படியிறங்கினார். அழாமல் முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று கணவர் கத்தினார். உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள் என்றார் அந்த அம்மா. கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார் மகாத்மா. உங்களுக்கு வெட்கமில்லையா என்று அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது, கதவைச் சாத்தினார். இதை அவர் மறைக்கவில்லை. எல்லாரும் படிக்கட்டும் என்று அச்சில் போட்டார்.

அவராவது தம் பங்குப் பாத்திரங்களைத் தாமே தூக்கியவர். உங்கள் தாயாரின் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாத்திரத்தை இந்த ஐந்து வருடத்தில் நீங்கள் எத்தனை தரம் எடுத்தீர்கள்? ஒரு தரம் என்றாலும் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

விவேகானந்தருக்கு வருவோம். 1897 ஜனவரியில் அவர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் வேதாந்தத்தைப் பற்றிப் பேசினார் என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்கு நாலு வருடம் கழித்து நடந்ததை அவ்வளவு பேர் சொல்வதில்லை. 1901இல், நீரிழிவும் ஆஸ்த்மாவும் உடம்பை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தத் துறவி தம் தாயார் புவனேஸ்வரி தேவியைக் கிழக்கு வங்காளத்துக்கும் அசாமுக்கும் யாத்திரை அழைத்துப் போனார். பிரம்மபுத்திராவில் தீர்த்தமாட வைத்தார். சந்திரநாதம், காமாக்யா கோயில்களைக் காட்டினார். தீர்த்த யாத்திரைதான் ஓர் இந்து விதவையின் பெரிய ஆசை, வாழ்நாளெல்லாம் வீட்டாருக்குத் துன்பத்தையே கொடுத்துவிட்டேன், இந்த ஓர் ஆசையையாவது நிறைவேற்றப் பார்க்கிறேன் என்ற பொருள்பட அப்போது ஒரு கடிதமும் எழுதினார். அடுத்த வருடம் ஜூலை 4இல் போய்ச் சேர்ந்துவிட்டார், வயது 39. காவி உடுத்து உலகத்தையே துறந்தவருக்குத் தாயார் கணக்கில் இருந்தார். பட்டினத்தாரும் அப்படித்தான், தாயாருக்குக் கொள்ளி வைக்க வந்து சேர்ந்தார். நீங்கள் துறவியல்லர். ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்தன்.

‘ஒரு பொல்லாப்பும் இல்லை’ என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். செல்லப்பா சுவாமிகளின் வாசகம். அதைச் சொன்ன வாயாலேயே நல்லூர்த் தேரடியில் வருவோர் போவோரை ஏசித் துரத்தியும் இருக்கிறார் அவர். அவருடைய சீடர் யோகர் சுவாமிகளும் கொழும்புத்துறைக் கொட்டிலுக்கு வந்தவர்கள் எல்லாரையும் பாயில் இருத்தி உபசரிக்கவில்லை. உங்கள் கடிதத்தோடு நீங்கள் அங்கே போயிருந்தால், படலையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

யாத்திரை வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். சிதம்பரம் என்றால் இன்றும் என் கண் கலங்கும். என் ஐயா திருவாதிரைக்குத் தலைமன்னார் போய்க் கப்பலேறித் தில்லைக்குப் போய் வருவார். திரும்பி வந்ததும் விபூதிப் பையை அவிழ்த்து எல்லாருக்கும் பூசிவிட்டு, ஞானப்பிரகாசர் குளத்தின் கதையைச் சொல்வார். பறங்கியர் காலத்தில் அவர்களுடைய சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்துப் பசு கொடுக்க வேண்டுமாம். தன் முறை வந்தபோது கொடுக்க மனமில்லாமல் இராவோடிராவாகக் கடல் கடந்தவர் நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர். பிற்காலத்தில் சிதம்பரத்தில் குளம் தோண்டுவித்தவர். இதைச் சொல்லும்போதெல்லாம் ஐயாவின் குரல் தழுதழுக்கும். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா ஒருதரமும் போகவில்லை. ஏன் என்று கேட்டால் “மாட்டை யார் கறக்கிறது?” என்பார். பசுவைக் கொடுக்க முடியாமல் ஒருவர் ஊரை விட்டுப் போனார். பசுவை விட்டுப் போக முடியாமல் என் அம்மா ஊரிலேயே நின்றார். ஐயாவுக்குப் பால் கறக்கத் தெரியும், தம்பி. நன்றாகவே தெரியும். இதை எனக்கு விளங்க ஐம்பது வயதாயிற்று. உங்கள் மகளுக்கு இப்போதே விளங்கிவிட்டது.

அவள் சொன்னதை மறுபடி வாசியுங்கள். “அம்மா போகட்டும், நான் அப்பம்மாவோடு நிற்கிறேன்.” இதை நீங்கள் மறுப்பு என்று எழுதுகிறீர்கள். ஒரு வருடத்தில் அந்த வீட்டைவிட்டு வெளியே போக வாய்ப்பில்லாத ஒருவரை முருகனின் தேர் பார்க்க அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் தான் நிற்கிறேன் என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது. அவளுக்குச் சமயத்தை விதைக்க வேண்டும் என்கிறீர்கள். இதற்கு மேல் என்னத்தை விதைப்பது? அவள் சுவாமியறைக்குள் வராததன் காரணம் அங்கே இருக்கும் படங்கள் அல்ல, படங்களுக்கு முன்னால் இருப்பவர் என்று எனக்குப் படுகிறது. அது சரி, அன்று உங்கள் மனைவி தேருக்குப் போனாரா, இல்லையா?

கங்கைத் தீர்த்தம் கொடுத்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வாயடைத்து ஈயம் பூசிய அந்தச் செம்புகள் மூன்றையும் மனைவி, தாயாரின் தலைமாட்டு அலுமாரியில் வரிசையாக வைத்திருக்கிறாராம். எதற்கென்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடைசி நேரத்தில் அதை உடைத்து வாயில் விடப்போவதும் அந்தக் கைதான்.

மகன் செய்ய வேண்டிய கடனை மருமகள் தலையில் கட்டிவிட்டுக் காசிக்குப் போவதை நான் யாத்திரை என்று ஒப்புக்கொள்வதில்லை. பழைய காலத்துப் பெண் பேசுகிறாள் என்று நினைத்தால் நினையுங்கள். பகலில் உதவிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில் பிழையில்லை, வசதியிருந்தால் வையுங்கள். இரவுக்கு ஆள் வைக்காதீர்கள். இரவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

நாளை தொடங்குங்கள். உங்கள் படுக்கையைத் தாயாரின் அறைக்கு மாற்றுங்கள். மணிக்கூட்டில் அலாரம் வையுங்கள். ஒரு பழைய சேலையை நாலாக மடித்துத் தாயாரின் இடுப்புக்குக் கீழே விரித்துவிட்டால், அதைப் பிடித்து இழுத்தே பக்கம் மாற்றலாம். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிக்கால் மெத்தையில் படாது. கஞ்சி பருக்கிய பிறகு உடனே கிடத்தக் கூடாது, அரை மணித்தியாலமாவது சாய்த்து இருத்த வேண்டும். இதையெல்லாம் மனைவியிடம் கேட்டுப் பழகுங்கள். அவர் சொல்லித்தரும்போது குறுக்கே பேச வேண்டாம். தாயாரைச் சாய்த்து இருத்தியிருக்கும் அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு பதிகம் பாடுங்கள். தாயாருக்குக் கேட்கும், அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் கேட்கும். அவளைப் பாடச் சொல்ல வேண்டாம்.

இரண்டு மாதம் இப்படிப் போகட்டும். பிறகு, கடல் அமைதியாயிருக்கும் மாதத்தில், காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற மனைவிக்கும் மகளுக்கும் இரண்டு டிக்கெட் எடுங்கள். மூன்றாவது வேண்டாம். காசி வரைக்கும் போக வேண்டியதில்லை, கிரிவலமும் வேண்டாம்; முழங்கால் பாவம். நாகப்பட்டினத்திலிருந்து கரையோரமாகவே வடக்கே போனால் சீர்காழி, நம் திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் பாடிய சம்பந்தர் பிறந்த ஊர். அதைத் தாண்டினால் சிதம்பரம். முடிந்தால் ஞானப்பிரகாசர் குளத்தடியிலும் சற்றுநேரம் இருந்துவிட்டு வரட்டும். என் அம்மாவுக்காகவும்தான் கேட்கிறேன்.

இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. விசா விவரத்துக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் கடவுச்சீட்டில் அடித்த முத்திரைகளின் திகதிகளைக்கூட கடிதத்தில் வரிசையாக எழுதியிருந்தீர்கள். மனைவியிடம் கடவுச்சீட்டு இருக்கிறதா?