எம்.எஸ்சி. நர்சிங்: வாசகர் கேள்விகள்

பி.எஸ்சி. நர்சிங்கில் 58 சதவீதம். முடித்த கையோடு எம்.எஸ்சி. சேரலாமா? எந்தப் பிரிவு எடுப்பது? – வாசகி, பாளையங்கோட்டை

கையோடு முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி மதிப்பெண் 55 சதவீதம் இருந்தால் போதும். ஆனால் நர்ஸ், மிட்வைஃப் பதிவும், பி.எஸ்சி.க்குப் பின் ஓராண்டு பணி அனுபவமும் கட்டாயம். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வார்டு மூன்றும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம் என்று ஐந்து பிரிவுகள். ஆசிரியர் வேலைதான் குறி என்றால் மெடிக்கல் சர்ஜிக்கலையே எல்லாரும் நெருக்க வேண்டியதில்லை; கல்லூரிக்கு ஐந்துக்கும் ஆள் வேண்டும்.

எம்.எஸ்சி. (சமூக நலம்) முதலாண்டு. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கழுத்து, தோள் வலி குறைகிறதா என்று ஆய்வு செய்ய எண்ணம். ஒரே ஊரில் 60 பேரை இரண்டாகப் பிரிக்கலாமா? – மாணவி, ஆலங்குளம்

தலைப்பு நல்லது, ஒரே ஊர்தான் வேண்டாம். நாலைந்து பேராகத் திண்ணையில் உட்கார்ந்து, சொளகை (முறத்தை) மடியில் வைத்துச் சுற்றுகிற தொழில் அது. காலையில் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மத்தியானத்துக்குள் எதிர்வீட்டுக்காரியும் செய்துபார்ப்பாள். இரண்டு குழுவிலும் வலி குறையும்; பயிற்சிக்குப் பலனே இல்லை என்று புள்ளிவிவரம் சொல்லும். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களை எடுங்கள்; ஒன்றில் பயிற்சி, மற்றது பயிற்சி இல்லாமல் ஒப்பீட்டுக்கு. வயது, எத்தனை வருடமாகச் சுற்றுகிறார்கள் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே தொடக்கத்திலேயே குறித்து ஒப்பிட்டுவிடுங்கள். ஒப்பீட்டு ஊர்க்காரர்களுக்கும் கடைசி அளவீடு முடிந்ததும் பயிற்சியைக் கற்றுத்தர வேண்டும். எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.

அடுத்தது கோயில் கொடை, அதாவது ஊர்த் திருவிழா. கொடை வாரத்தில் யார் முழுக் கணக்குச் சுற்றுகிறார்கள்? வலி தானாகவே குறையும், அந்தப் பெயரை உங்கள் பயிற்சி தட்டிக்கொண்டு போகும். அந்த வாரத்தைத் தவிருங்கள். தவிர்த்தாலும், ஒவ்வொரு அளவீட்டிலும் முந்தைய ஏழு நாளில் சுற்றிய எண்ணிக்கையைக் கேட்டு எழுதுங்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதால் அது அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

பைலட் ஸ்டடிக்கு (முன்னோட்ட ஆய்வுக்கு) பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 பேர் போதும். மூன்றாவது ஊரில் பிடியுங்கள்; அவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்கக்கூடாது. வலிக்கு 0 முதல் 10 வரையான அளவுகோல் சரியாக வரும். ‘தசைக்கூட்டு அசௌகரியம்’ என்றெல்லாம் கேட்காமல் ‘கடுக்குதா, உளையுதா’ என்று கேளுங்கள். கேள்விகளைக் கால் மணி நேரத்துக்குள் முடியுங்கள். நீண்டால் போவது அவர்கள் கூலி.

30 படுக்கை வார்டு. காலை 4, மாலை 3, இரவு 2 என்று 9 நர்ஸ் போதும் என்கிறது நிர்வாகம். சரியா? – வார்டு இன்சார்ஜ், அம்பாசமுத்திரம்

போதாது. நாளுக்கு 9 என்றால் ஆண்டுக்கு 3,285 ஷிப்ட். வார ஓய்வு 52, மற்ற விடுப்பு, விடுமுறை 43 என்று வைத்தால், ஒருவர் வேலைக்கு வருவது 270 நாள் (உங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்). வகுத்தால் 12.2; ஆக 13 பேர் வேண்டும். நைட் ஆஃப் (இரவு டூட்டிக்குப் பின் தரும் ஓய்வு) தனியாக உண்டென்றால் இன்னும் கூடும். 9 பேரை வைத்து ஓட்டினால் 855 ஷிப்ட் துண்டு விழும். அதெல்லாம் டபுள் டூட்டி. நர்சிங் சூப்பிரண்டெண்டுக்குக் கொடுக்கும் கடிதத்தில் ‘ஆள் பற்றாக்குறை’ என்று மொட்டையாக எழுதாமல் இந்தக் கணக்கை எழுதி, மூன்று மாத டூட்டி ரோஸ்டர் நகலையும் இணையுங்கள்.