கிரேன் ஈ: பெங்களூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் வந்ததும் நீளக்கால் பூச்சி ஒன்றைப் பற்றி நகரத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேட்கிறீர்கள். பதில்களை இங்கே சேர்த்துத் தருகிறேன்.

அல்சூரிலிருந்து: சார், ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றி ரொம்பப் பெரிய கொசு வருகிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். டெங்கு கொசுவா?

இல்லை மேடம். இது கொசுவே இல்லை, கிரேன் ஈ. தோலைக் குத்தும் ஊசிவாய் இதற்குக் கிடையாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ரொம்பச் சின்னது, காலில் வெள்ளை வளையம் இருக்கும், பகலில்தான் அதிகம் கடிக்கும். ஒரு டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, பால்கனியில் விட்டுவிடுங்கள். காலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பல்லியிடமோ சிலந்தியிடமோ மாட்டினால் காலை விட்டுவிட்டுத் தப்பிக்கிற பூச்சி அது. தொடை தொடங்கும் இடத்திலேயே கால் கழன்றுவிடும், மறுபடி முளைக்காது.

ஜீவன்பீமா நகரிலிருந்து: கிரேன் ஈதான் என்று எதை வைத்து உறுதியாகச் சொல்கிறீர்கள்? நிறமா, அளவா?

இரண்டும் ஏமாற்றும். கொசு அளவே உள்ள கிரேன் ஈக்களும் உண்டு. முதலில் முதுகைப் பாருங்கள். மார்பின் மேல்பக்கத்தில், இறக்கைகள் முளைக்கும் இடத்துக்கு நடுவே, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவத்தில் ஒரு பள்ளக்கோடு ஓடும். கூர்முனை வாலைப் பார்த்திருக்கும். கொசுவுக்கு இந்தக் கோடு இல்லை. போனை நேர் மேலே பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் கோடு தெளிவாக விழும். நேராக ஃபிளாஷ் அடித்தால் காணாமல் போய்விடும். வருகிற படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான் பயன்படாமல் போகின்றன.

அடுத்தது இறக்கை. கொசுவின் இறக்கை நரம்புகள் மேல் செதில்கள் படிந்திருக்கும், பின்விளிம்பிலும் செதில் ஓரம் இருக்கும். கிரேன் ஈயின் இறக்கை கண்ணாடியாகவோ கறை படிந்தோ இருந்தாலும் அப்படிச் செதில் போர்த்தியிருக்காது. இறக்கையின் பின்விளிம்பை ஒட்டி ஓடும் ‘குத நரம்புகள்’ இரண்டு விளிம்புவரை போய்ச் சேரும். கொசுவில் ஒன்றுதான் சேரும். இறக்கைக்குப் பின்னால் காம்பும் நுனிக்குமிழுமாக இரண்டு உறுப்புகள் தெரியும். அவை ஹால்டியர்கள், பின்னிறக்கைகள் மாறி உருவானவை. பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர்த்துபவை. எல்லா ஈக்களுக்கும் இவை உண்டு என்றாலும், வெறும் கண்ணால் பார்க்க கிரேன் ஈயைவிட வசதியான பூச்சி கிடைப்பது கஷ்டம். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

ஃபிரேசர் டவுனிலிருந்து: வால் நுனியில் ஊசி மாதிரி இருக்கிறதே, கொட்டுமா?

கொட்டாது. அது பெண். ஈரமண்ணிலோ பாசியிலோ முட்டையைச் செருகுவதற்கான குழல் அது. ஆணின் வால் நுனி மழுங்கித் தடித்திருக்கும்.

சிவாஜிநகரிலிருந்து: இது கொசுவைத் தின்னும், அடிக்காதே என்று எங்கள் பாட்டி சொல்வார். உண்மையா அண்ணா?

அடிக்க வேண்டாம் என்பது சரி. ஆனால் கொசுவைத் தின்னாது. வளர்ந்த பூச்சி பூந்தேனோ தண்ணீரோ கொஞ்சம் குடிக்கும், பல இனங்கள் எதுவுமே உண்பதில்லை. கொசுப்புழுவைத் தின்பது டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசுவின் புழு. அந்தக் கொசு உலோகப் பளபளப்போடு, கீழே வளைந்த உறிஞ்சுகுழலோடு இருக்கும். அதுவும் ரத்தம் குடிக்காது.

ஹெப்பாலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: செயலியில் படத்தைப் போட்டேன், டிப்யூலா பாலுடோசா என்று வந்தது. அப்படியே எழுதிக்கொள்ளலாமா சார்?

வேண்டாம் தம்பி. டிப்யூலா பாலுடோசா ஐரோப்பிய இனம், வட அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. உங்கள் ஹாஸ்டல் சுவரில் இருந்ததற்கு அந்தப் பெயரை வைக்க எந்த ஆதாரமும் இல்லை.

உலகத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேன் ஈ இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பதினோராயிரத்துக்கும் அதிகமானவற்றை சார்லஸ் பால் அலெக்சாண்டர் என்ற ஒரே அமெரிக்கர் விவரித்தார். இந்தியாவுக்கு 1912-இல் பூச்சியியலாளர் புருனெட்டி, ‘ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ என்ற விலங்கு நூல் வரிசையில் எழுதிய தொகுதி ஒரு தொடக்கம். பல இனங்களைப் பிரித்துச் சொல்வது ஆணின் வால்நுனி இனப்பெருக்க உறுப்புதான். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துத் தெளியச் செய்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். போன் படத்தில் அது நடக்காது.

படத்திலிருந்து எதுவரை போகலாம்? முகத்தைப் பக்கவாட்டில் எடுங்கள். வாயருகே தொங்கும் உணர்விரலின் கடைசிக் கணு சாட்டையாக நீண்டிருந்து, மூக்குநுனி முன்னால் துருத்தியிருந்தால் அது டிப்யூலிடே குடும்பம். கடைசிக் கணு குட்டையாக, மூக்கு துருத்தாமல் இருந்தால் லிமோனிடே. உணர்கொம்பின் கணுக்களை எண்ண முடிந்தால் இன்னும் நல்லது: முதலாவதில் வழக்கமாக 13, இரண்டாவதில் 14 அல்லது 16. உட்காரும்போது டிப்யூலிடேயின் டிப்யூலா பேரினம் பெரும்பாலும் இறக்கையை விரித்தே வைத்திருக்கும், லிமோனிடேயில் பல முதுகுமேல் மடித்துக்கொள்ளும். மஞ்சள் உடம்பில் பளபளப்பான கறுப்புப் பட்டைகள் இருந்தால் நெஃப்ரோடோமா பேரினமா என்று பாருங்கள்.

“டிப்யூலிடே, ஆண், ஹெப்பால்” என்று தேதியோடு எழுதினால் அது நல்ல பதிவு. தப்பான இனப்பெயர் ஒட்டிய பதிவு, பின்னால் வருகிறவரையும் தப்பான வழியில் அனுப்பும்.

லால்பாக் பக்கத்திலிருந்து: கறுப்பும் ஆரஞ்சுமாகக் குளவி போல ஒன்று, ஆனால் கால்கள் நீளம்.

செலியோஃபோரா பேரினமாக இருக்க நல்ல வாய்ப்பு. ஆணின் உணர்கொம்பு சீப்புப் பல் போலக் கிளைத்திருக்கும். இதன் புழுக்கள் மக்கும் மரத்தில் வளர்பவை, அதனால் பட்டுப்போன மரத்துண்டுகளை அப்படியே விட்டுவைத்த தோட்டங்களில் தேடுங்கள். படம் இருந்தால் கட்டாயம் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது!

மர்ஃபி டவுனிலிருந்து: புல்தரை காய்கிறது. மண்ணுக்குள் புழு. இதன் வேலையா?

வெள்ளையாக வளைந்து, பழுப்புத் தலையும் ஆறு காலும் இருந்தால் அது வண்டின் வேர்ப்புழு. கிரேன் ஈயின் புழு சாம்பல் நிறம், காலே கிடையாது, தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்முனைத் தட்டில் இரண்டு சுவாசத் துளைகளும் அவற்றைச் சுற்றிச் சதை நீட்சிகளும் இருக்கும். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தின் புல்லை 1935-இல் நாசமாக்கியது கிரேன் ஈப் புழுதான். ஆனாலும் நிறைய இனங்களின் புழுக்கள் மக்கும் இலையைத் தின்று மண்ணுக்கு உரம் சேர்ப்பவை. மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு புழுவையாவது தோண்டிப் பாருங்கள்.

மறுபடி ஹெப்பால் மாணவர்: செத்துக் கிடப்பதை எப்படிப் பத்திரப்படுத்துவது?

காய்ந்திருந்தால் மடித்த காகித உறையில் வையுங்கள், உதிர்ந்த கால்களையும் அதிலேயே போடுங்கள். புதிதாக இருந்தால் 70 சதவீத எத்தனாலிலும் போடலாம். இடம், தேதி, விளக்கடியா செடியிலா என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் உங்கள் ஹெப்பாலிலேயே இருக்கிறது. முதலில் உங்கள் பேராசிரியரிடம் சொல்லி, அவர் மூலமாக அங்கே கேட்டுப் பாருங்கள்.