வைர நெக்லஸ் வழக்கு: கர்தினாலுக்காக எப்படி வாதாடுவது?

கேள்வி: சட்டக் கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டியில், பாரிஸில் 1786இல் தீர்ப்பான வைர நெக்லஸ் வழக்கு எங்களுக்கு வந்திருக்கிறது. பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட்டின் பெயரைச் சொல்லி நடந்த நகை மோசடி அது. அரசிக்காக என்று நம்பி நெக்லஸை வாங்கிக் குற்றம் சாட்டப்பட்ட கர்தினால் (கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குரு) ரோஆன் தரப்பில் நான் வாதாடுகிறேன். “அரசியின் கையெழுத்து போலி என்றுகூடவா தெரியவில்லை?” என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்வது?

பதில்: கட்டாயம் கேட்பார்கள். நெக்லஸ் வாங்கும் ஒப்பந்தத்தில் அரசியின் கையெழுத்தாக ‘மேரி அன்டோனெட் த பிரான்ஸ்’ என்று இருந்தது. பிரெஞ்சு அரசிகள் தங்கள் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள். வியன்னாவில் தூதராக இருந்த ரோஆனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மழுப்பாமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஏமாந்தது அவருடைய அசட்டுத்தனம், அது திருட்டு ஆகாது.

அப்புறம் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு வாருங்கள். 16 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) விலையுள்ள நெக்லஸை 1785 பிப்ரவரி 1 அன்று வாங்கியவர், அரசிக்குப் போய்ச்சேரும் என்று நம்பி, அரசிக்கு நெருக்கமானவள் என்று சொல்லி அவரை ஏமாற்றிய ழான் த லா மோத்திடம் சேர்ப்பித்தார். வைரங்களைப் பிரித்து லண்டனில் விற்றது ழானின் கணவர். ஜூலையில், அரசிக்கு நன்றி சொல்லி எழுதும்படி நகைக்காரர்களிடம் சொன்னதே ரோஆன்தான். நகையை அமுக்கியவர், அதை விற்றவர்களையே அரசிக்கு எழுதச் சொல்வாரா? என் பார்வையில் உங்கள் கையிலுள்ள மிக வலுவான சான்று இதுதான். போலிக் கையெழுத்தைப் போட்டது தான்தான் என்ற ழானின் கூட்டாளி வில்லெட்டின் வாக்குமூலமும், 1784 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் இரவில் கர்தினால் முன் அரசி போல வந்து நின்ற ஒலிவா என்ற பெண்ணின் சாட்சியமும் இதற்குத் துணை நிற்கும்.

ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். அரசுத் தரப்பின் ழோலி த ஃப்ளூரி திருட்டை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. அரசி இரவில் தன்னைச் சந்திக்க வருவாள் என்று கர்தினால் நம்பியதே அரச மரியாதைக்கு இழுக்கு, அதற்காக அவர் பகிரங்க மன்னிப்புக் கேட்டுப் பதவிகளைத் துறக்க வேண்டும் என்றார். திருட்டும் இந்த அவமதிப்பும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். ஒன்றுக்கான சான்றை மற்றதற்கு இழுத்தால் உடனே ஆட்சேபியுங்கள்.

இன்னொன்று, அரசிமேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இந்த நெக்லஸை வேண்டாம் என்று முன்பே மறுத்தவர் அவர். 1786 மே 31 அன்று ரோஆனை விடுவித்த அதே தீர்ப்புதான் கையெழுத்து போலி என்றும் அறிவித்தது. ழானுக்குச் சூடு போட்டு ஆயுள் சிறை. விடுதலையான பிறகும் ரோஆன் பதவியிழந்து வெளியேற்றப்பட்டாரே என்று கேட்டால், அது மன்னரின் ஆணை, நீதிமன்றத்தின் தண்டனை இல்லை என்று சொல்லுங்கள்.