ஸ்டீராய்டை நிறுத்தினால் முடி கொட்டுவது நிற்குமா?

கேள்வி: வயது 31. சொந்த ஊர் திண்டுக்கல்; பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறோம். நான்கு மாதத்துக்கு முன் மலத்தில் ரத்தம், காய்ச்சல் என்று ஆரம்பித்து ஏழு கிலோ இறங்கிவிட்டேன். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும்) என்றார்கள். ஆறு வாரமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. 40 மில்லிகிராமில் தொடங்கி இப்போது 20. மூன்று வாரத்துக்கு முன் 50 மில்லிகிராமில் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். பத்து நாளாக முடி கொத்துக்கொத்தாக வருகிறது. டேங்கர் தண்ணீர்தான் காரணம் என்கிறார் கணவர். ஸ்டீராய்டு என்கிறார் மாமியார். அதை நிறுத்திவிடவா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ‘அதுதான் வெளியிலிருந்து வருகிறதே’ என்று தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாக இறக்குவது அதனால்தான்.

சரி, முடிக்கு வருவோம். கடும் காய்ச்சல், ரத்தப்போக்கு, எடை இறக்கம் இதில் எது வந்தாலும், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். உதிர்வதோ இரண்டு மூன்று மாதம் கழித்து. பிரசவத்துக்குப் பிறகும் டைபாய்டுக்குப் பிறகும் கொட்டுவது இதே கணக்கில்தான். உங்களுக்கு நோய் தொடங்கி நான்கு மாதம், ஸ்டீராய்டுக்கு ஆறே வாரம். கணக்கு நோயின் பக்கம்தான் ஒத்துப்போகிறது. இப்படிக் கொட்டுவது பெரும்பாலும் சில மாதங்களில் தானாக அடங்கி, முடி திரும்ப வளரும்.

மாமியார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அதிக அளவில் பல மாதம் சாப்பிட்டால் தலைமுடி மெலியலாம், முகத்தில் பூனைமுடி அடரலாம். ஆனால் புழுவெட்டுக்குத் தலையில் போடும் ஊசியே ஸ்டீராய்டுதான்! தண்ணீரைப் பொறுத்தவரை, பெங்களூருக்குக் குடிவந்த யாரைக் கேட்டாலும் போர்வெல்லைத்தான் திட்டுவார்கள். உப்புத் தண்ணீர் முடியை வறட்டும், சிக்காக்கும், வேரைப் பிடுங்காது.

ரத்தம் போயிருப்பதால் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள், தைராய்டும் சேர்த்து. குடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ‘நார்மல்’ என்று வந்ததுமே இரும்புச்சத்து போதும் என்று விட்டுவிட வேண்டாம். முடிக்கென்று விற்கும் பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்கள் என்றால் லேபில் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவைக் குழப்பிவிடும்.

என்னை உறுத்துவது நீங்கள் பெயர் சொல்லாமல் விட்ட அந்த 50 மில்லிகிராம் மாத்திரைதான். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அசதையோப்ரின் (நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து) என்று இருந்தால், இன்றைக்கே ரத்த அணுக்கள் பரிசோதனை. நம்மில் சிலருக்கு இந்த மருந்தைச் சமாளிக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு, தொடங்கிய சில வாரங்களில் முடி கொத்தாகக் கொட்டும். கூடவே வெள்ளையணுக்களும் சரியும். காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்த வேளை அந்த மாத்திரையைப் போடும் முன் உங்கள் குடல் மருத்துவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.