கொத்துக்குள் மருந்து போகாது

கேள்வி: துரீஃப் ஒயின் திராட்சை (பெட்டீட் சிரா என்றும் சொல்கிறார்கள்) நட்டு நான்கு ஆண்டு ஆகிறது. பழம் கறுத்துவிட்டது, அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும். இரண்டு நாள் மழைக்குப் பிறகு கொத்துக்கு நடுவே அழுகுகிறது. கடைக்காரர் பூசண மருந்தும், அடுத்த பருவத்தில் கொத்து நீள ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியும் கொடுத்தார். என்ன அளவில் அடிப்பது?

பதில்: இரண்டையுமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கொத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். பழங்கள் நெருக்கியடித்துப் பக்கவாட்டில் தட்டையாகியிருக்கும், நடுக்காம்பு கண்ணுக்கே தெரியாது. மேலே அடிக்கிற மருந்து அதற்குள் போகாது. பழத்தில் எச்சம்தான் மிஞ்சும்.

இது இந்த ரகத்தின் பிறவிக் குணம். 1880 வாக்கில் பிரான்சில் துரீஃப் என்பவர் வளர்த்தெடுத்த, பெலூர்சன், சிரா என்ற இரண்டு திராட்சை ரகங்களின் கலப்பு இது. இலையைத் தாக்கும் அடிச்சாம்பல் என்ற பூசண நோயை ஓரளவு தாங்கும். அதைச் சொல்லியே நாற்றை விற்கிறார்கள், கொத்து அழுகலைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, கொத்தை எப்படித் தளர்த்துவது என்று. அடுத்த பருவத்தில் பூ விரியச் சில நாள் முன்பு, ஒவ்வொரு தளிரிலும் அடியிலுள்ள நாலைந்து இலைகளைக் கையால் கிள்ளிவிடுங்கள். அந்த நேரத்தில் பூங்கொத்துக்குச் சோறு போடுவது அந்த இலைகள்தான். அவை போனால் காய்ப்பிடிப்பு குறையும், கொத்து தளர்ந்து காற்று புகும். மகசூல் குறையுமே என்பீர்கள். குறையட்டும், அழுகிப் போவதைவிட அது மேல். கொடிக்குக் கொடி நின்று செய்ய வேண்டிய வேலை, கூலியும் ஆகும். ஆனாலும் இந்த ரகத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் இரண்டு வரிசையில் செய்து பாருங்கள். பிற்பகல் வெயில் படும் பக்கத்தில் மட்டும் குறைவாகக் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் பழம் வெந்து சுருங்கும்.

ஜிப்ரெலிக் அமிலம் விதையில்லாத சாப்பாட்டுத் திராட்சைக்கு உரியது. விதையுள்ள ரகத்தில் அடுத்த ஆண்டுக் காய்ப்பையே அது கெடுக்கலாம். என்ன ரகம் என்று கேட்காமல் புட்டியை எடுத்து நீட்டுகிறவரிடம் யோசனை கேட்காதீர்கள்.

சரி, இந்த ஆண்டுக்கு வருவோம். அழுகிய கொத்தை முழுசாக வெட்டித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். அறுவடைக் கூடையில் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. கொத்தை அழுகச் செய்கிற சாம்பல் பூசணத்தின் நொதி ஒயினின் சிவப்பைப் பழுப்பாக்கிவிடும். அப்புறம், பழம் கறுத்ததை வைத்து நாள் குறிக்காதீர்கள். துரீஃப் சீக்கிரமே கறுத்துவிடும். பழமும் சிறிசு, அதனால் தோலின் துவர்ப்பும் விதையின் துவர்ப்பும் ஒயினில் தூக்கலாக இறங்கும். விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சையாக நாக்கைப் பிடித்தால் பொறுங்கள், பழுப்பாகி நொறுக்கென்று உடைந்தால் வெட்டலாம். அழுகல் தினமும் பரவுகிறது என்றால் மட்டும் விதைக்காகக் காத்திருக்க வேண்டாம்.